மணையில் உட்கார்ந்த சங்கன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா, தன் சபையில் யாரும் வாந்திபேதி என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால், மூன்று கோடைகளாக ஜனங்கள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்டில், சபைக்குள் அதன் பெயர் ‘கீழ்த்திசை வருத்தம்.’ கீழத்தெருவில் மட்டும் வந்ததால் அப்படி. இந்தப் பெயரைக் கண்டுபிடித்ததற்காகப் பிரதானிக்கு ஒரு சால்வை கிடைத்தது. மூன்று வருடத்தில் அந்த நோய்க்காகச் சபை உருப்படியாகச் செய்தது அவ்வளவுதான்.

கீழத்தெரு குடித்தது கோட்டைக்குக் கிழக்கே ஓடும் வாய்க்கால் தண்ணீரை. வேறு தண்ணீர் அங்கே கிடையாது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மலைச்சுனையிலிருந்து கல் குழாய் வழியாகத் தனியே தண்ணீர் வந்தது. அரண்மனைக் கழிப்பிடங்களின் சாக்கடை முன்பெல்லாம் மேற்கே போய், யாருக்கும் வேண்டாத ஒரு பொட்டல் காட்டில் விழுந்து காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டலை ராஜவைத்தியர் அமிர்தலிங்கனார் மூலிகைத் தோட்டம் போட வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மூலிகைக்குப் பக்கத்தில் சாக்கடை ஓடலாமா? கிழக்கே திருப்பிவிட்டார்கள். கிழக்கே வாய்க்கால் இருந்தது. அன்றிலிருந்து கோட்டையில் இருந்த அறுநூறு பேரின் மலம் கீழத்தெருவின் குடங்களுக்குப் போனது.

இதில் புரியாத விஷயம் எதுவும் இல்லை. ஒரு மண்வெட்டிக்காரனை அழைத்துக் காட்டினால் அரை நாழிகையில் சொல்லிவிடுவான். சபை மண்வெட்டிக்காரனை அழைக்கவில்லை. குழு போட்டது.

முதல் கோடையில் நாற்பது பேர் செத்தார்கள். ராஜவைத்தியரின் தலைமையில் குழு நான்கு மாதம் கூடி, கீழத்தெருக்காரர்கள் பழைய கஞ்சி குடிப்பதே காரணம் என்று ஓலை எழுதியது. பழைய கஞ்சி குடிக்காதீர்கள் என்று தண்டோரா போட்டார்கள். தினமும் புதுக் கஞ்சி காய்ச்ச அரிசிக்கு எங்கே போவது என்று தண்டோராக்காரனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டாம் கோடையில் அறுபது பேர். இரண்டாம் குழு, அவர்கள் கை கழுவுவதில்லை என்று கண்டது. கை கழுவுங்கள் என்று தண்டோரா. எந்தத் தண்ணீரில் என்று கேட்ட ஒரு கிழவனை, கலகம் செய்கிறான் என்று இரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். மூன்றாம் கோடை பிறந்தபோது, இரண்டு குழுக்களும் இரண்டு காரணம் சொன்னதால் அவற்றில் எது சரி என்று ஆராய மூன்றாவதாக ஒரு குழு உட்கார்ந்திருந்தது.

அந்தச் சபையில் மாடக்கண்ணு என்றொரு விகடன் இருந்தான். கீழத்தெருவில் பிறந்தவன். ராஜா சாப்பிட்டு முடித்ததும் அவரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. உட்கார ஆசனம் கிடையாது. தூணோரம் நிற்க வேண்டும். ஆனால் நின்றுகொண்டு அவன் சொல்வதை ராஜா காது கொடுத்துக் கேட்டார். உட்கார்ந்துகொண்டு தாங்கள் சொல்வதைக் கேட்காத ராஜா அவனைக் கேட்கிறாரே என்று ராஜவைத்தியருக்கும் பிரதானிக்கும் உள்ளூர எரிச்சல்.

அந்தச் சபையின் நடுவில் ஒரு பழைய பலா மணை கிடந்தது. முறையீடு செய்ய வருகிறவன் அதில்தான் உட்கார வேண்டும். ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் காலத்தில் சபையோர், முறையீட்டுக்காரன் பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டுக்கு நழுவினார்கள். ஏழைகள் ராஜாவைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு விழித்தார்கள். அதனால் பாட்டனார் கல்லில் வெட்டி வைத்தார்: மணையில் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் கதவைச் சாத்த வேண்டும். அவன் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவனை அழைத்து வந்தவர்களைத் தவிர யாரும் அவனை எழுப்பக் கூடாது. அவன் எழும்வரை ராஜா உட்பட யாரும் எழுந்து போகக் கூடாது. அதுவரை எந்த வழக்கத்தையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு ராஜாவும் முடிசூடும் அன்று அந்தக் கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்துதான் முடி சூடினார்.

இதற்கு ராஜவைத்தியர் ஒரு வரி சேர்த்திருந்தார். வருத்தம் யாருக்கோ, அவரே நேரில் வந்து உட்கார வேண்டும். மற்றவர் வாய்ச்சொல் செல்லாது. ஒரே வரிதான்.

அந்தச் சித்திரையில் மாடக்கண்ணு முதலில் அழைத்து வந்தது, நோய் கண்டு பிழைத்த ஒருவனை.

"நீ இப்போது சுகமாக இருக்கிறாயா?" என்று ராஜவைத்தியர் கேட்டார்.

"இருக்கேனுங்க சாமி."

"சுகமாக இருப்பவனுக்கு என்ன முறையீடு? மணையில் உட்காராமல் போ."

அடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தியை அழைத்து வந்தான்.

"உனக்கு நோய் வந்ததா?"

"எம்புள்ளைகளுக்கு வந்துச்சு."

"அப்படியானால் அவர்கள் வர வேண்டும். நீ உட்காராமல் போ, அம்மா."

மூன்றாவதாக, நோயில் கிடந்த சங்கனைக் கட்டிலோடு தூக்கி வந்தான். சங்கன் வாய்க்கால் தூர் வாருகிறவன். மூன்று வருடமாக அதில் இடுப்பளவு இறங்கி நின்றவன். அதில் என்ன வருகிறது என்று அவனுக்கு எந்தக் குழுவும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நோயாளிகளைக் கோட்டைக்குள் விடக் கூடாது என்று ராஜவைத்தியர் உத்தரவு போட்டிருப்பதாகச் சொல்லி, வாசல் காவல்காரன் கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

மாடக்கண்ணு மட்டும் உள்ளே போனான்.

"மகாராஜா, பிழைத்தவன் சொன்னால் செல்லாது. பெற்றவள் சொன்னால் செல்லாது. நோயாளி உள்ளேயே வர முடியாது. வேறு யார்தான் வந்து சொல்வது?"

ராஜவைத்தியர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "செத்தவன் வந்து சொல்லட்டுமே. அவனைவிட வருத்தப்பட்டவன் யார்? அவன் வந்து மணையில் உட்கார்ந்தால் சபை கேட்கும். வராவிட்டால், செத்தவனுக்கே இல்லாத குறை இந்த விகடனுக்கு எதற்கு என்று நாம் கேட்போம்."

பிரதானி சிரித்தார். பிரதானி சிரித்ததால் சபை சிரித்தது. ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவருக்கு அன்று வேறு பொழுதுபோக்கு இல்லை.

"நல்ல வேடிக்கை. மாடக்கண்ணு, நாளைக் காலை நீ செத்தவன் ஒருவனை அழைத்து வந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். வராவிட்டால் உன் நாக்கை அறுத்துவிடச் சொல்வேன். இதை ஓலையில் எழுதுங்கள்."

"எழுதி என்னிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள், மகாராஜா. வாசலில் காட்ட வேண்டும்."

அதற்கும் ராஜா சிரித்தார். முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மாடக்கண்ணு கீழத்தெருவுக்கு வந்தபோது, சங்கன் குடிசைக்கு வெளியே வேப்பமர நிழலில் கட்டிலோடு கிடந்தான். கண் குழிந்து, விரல் தோல் நீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது. மனைவி காத்தாயி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் அரியநாச்சி அவள் முதுகில் சாய்ந்து நின்றாள்.

"போன காரியம் என்னாச்சு மச்சான்?" என்றான் சங்கன்.

"செத்தவன் வந்தா கேப்பாங்களாம்."

"எப்பவாம்?"

"நாளைக் காலையில. இல்லேன்னா என் நாக்கை அறுத்துருவாங்களாம்."

"அறுக்கட்டும். ஊரு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

"ரெண்டு பேரும் பேசுற பேச்சைப் பாரு," என்றாள் காத்தாயி.

சங்கன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "நான் போறேன் மச்சான். உசுரோட போனேன், வாசல்லயே திருப்பிட்டானுங்க. செத்துப் போனா உள்ள விடுவானுங்கன்னா, போயிட்டுப் போறேன். எனக்கென்ன, நடக்கவா போறேன்? நீங்கதான தூக்கப் போறீங்க."

சங்கன் மனைவி பக்கம் திரும்பினான்.

"ஏ, நாச்சிக்கு அந்தத் தண்ணியக் குடுக்காத."

"வேற எந்தத் தண்ணியக் குடுக்கறது?"

பொழுது விடியும் நேரத்தில் சங்கன் செத்துப்போனான்.

கீழத்தெருவில் செத்தவர்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதில்லை. குளிப்பாட்டி, உடம்பு விறைப்பதற்குள் சம்மணம் போட்டு உட்கார வைத்து, தாடையை வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, முதுகுக்குப் பலகை கொடுத்து, உட்கார்ந்த வாக்கில்தான் எடுத்துப் போவார்கள். சங்கனையும் அப்படித்தான் கட்டினார்கள். சுடுகாட்டுப் பாதையில் திரும்புவதற்குப் பதில் கோட்டைப் பாதையில் திரும்பினார்கள்.

வாசலில் காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யாரய்யா இது?"

"முறையீட்டுக்காரரு," என்றான் மாடக்கண்ணு.

"ஏன் நடந்து வரமாட்டாரோ?"

"நேத்துக் கட்டில்ல உசுரோட வந்தாரு. நீங்கதான் விடல."

காவல்காரன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தான். மாடக்கண்ணு ஓலையைக் காட்டினான். செத்தவனை அழைத்து வர ராஜ முத்திரையோடு உத்தரவு. காவல்காரன் அதை இரண்டு முறை படித்தான். நோயாளியைத்தான் விடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இவன் இப்போது நோயாளி இல்லை. ஈட்டியை நிமிர்த்திக்கொண்டான்.

சபை நிறைந்திருந்தது. அறுபடப்போகும் நாக்கைப் பார்க்க எல்லோரும் சீக்கிரமே வந்திருந்தார்கள். நான்கு பேர் சங்கனைத் தூக்கி வந்து பலா மணையில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். அவன் சம்மணம் போட்டு, நேராக ராஜாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காத்தாயி அவனுக்குப் பின்னால், மகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மகாராஜா, தாங்கள் கேட்டவர் வந்திருக்கிறார். பெயர் சங்கன். வாய்க்கால் தூர் வாருகிறவர். மணையில் ஆள் உட்கார்ந்தாயிற்று," என்றான் மாடக்கண்ணு. பிறகு கதவுக்காரனைப் பார்த்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே வேலையைச் செய்து பழகிய அந்தக் கதவுக்காரன், யோசிக்காமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

ராஜவைத்தியர் எழப் பார்த்து, கல்லைப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தார்.

"மகாராஜா, இது பிணம்."

"இருக்கலாம்," என்றான் மாடக்கண்ணு. "இந்தச் சபையில் ஒருவர் செத்தாரா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் ராஜவைத்தியர் ஒருவருக்குத்தான். நாடி பார்த்துச் சொல்லட்டும். செத்துவிட்டார் என்றால் எந்த நோயால் என்றும் சொல்லட்டும். சாகவில்லை என்றால் அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்போம்."

ராஜவைத்தியர் நாடி பார்க்க வரவில்லை. தன் அங்கவஸ்திரத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"பார்த்தாலே தெரிகிறது. பழைய கஞ்சியால் செத்திருக்கிறான்."

"நாலு நாளா அவுக வயித்துல கஞ்சியே நிக்கல," என்றாள் காத்தாயி.

"நீ பேசாதே அம்மா. மற்றவர் வாய்ச்சொல் செல்லாது," என்றார் பிரதானி.

"சரியாகச் சொன்னீர்கள் பிரதானி," என்றான் மாடக்கண்ணு. "அவரே சொல்லட்டும். காத்திருங்கள்."

காத்திருந்தார்கள். சித்திரை வெயில் ஓட்டின் மேல் ஏறியது. கதவு சாத்திய சபையில் காற்று இல்லை. எங்கிருந்தோ ஈக்கள் வந்தன. முதலில் சங்கன் மேல் உட்கார்ந்தன. பிறகு சபையோர் மேல் உட்கார்ந்தன. பிறகு மறுபடி சங்கனிடம் போயின. ஒவ்வொரு ஈயையும் அத்தனை பெரிய மனிதர்களும் கண்ணாலேயே தொடர்ந்தார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் ஆசனத்தைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள், முழங்காலில் இடிக்கிறது என்று அவர்களைத் திட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. போனது. நாற்றம் வர ஆரம்பித்தது.

"அந்த வாய்க்கட்டையாவது அவிழ்த்துவிடுங்களேன்," என்றார் பிரதானி கம்மிய குரலில். "வாய் திறந்ததாக வைத்துக்கொள்ளலாம்."

"தாராளமாக அவிழ்க்கலாம். தாங்களே வந்து அவிழ்த்துவிடுங்கள்," என்றான் மாடக்கண்ணு.

பிரதானி வரவில்லை.

"இந்த வழக்கத்தையே மாற்றிவிட்டால் என்ன?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மணையில் ஆள் இருக்கும்போது மாற்ற முடியாது என்று இன்னொருவர் எரிந்து விழுந்தார்.

காலையில் ராஜாவுக்குச் சிரிப்பாக இருந்தது. மத்தியானம் கோபமாக இருந்தது. சங்கனின் கண் பாதி திறந்திருந்தது. காலையிலிருந்து அது ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாடக்கண்ணு, இவன் எப்போது எழுவான்?"

"அழைத்து வந்தவர்கள் எழுப்பினால் எழுவார், மகாராஜா."

ராஜா காத்தாயியைப் பார்த்தார். "எப்போது அழைத்துப் போவாய், அம்மா?"

"அந்தச் சாக்கடையத் திருப்பிட்டாக் கூட்டிட்டுப் போயிருவேன்," என்றாள் காத்தாயி. "வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் மூன்று வருடமாக நடக்காதது நடந்தது. ராஜவைத்தியர் அமிர்தலிங்கனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராஜா, நான் நெடுநாளாகவே சிந்தித்து வருகிற விஷயம் இது. கழிவு நீர் குடிநீரில் கலப்பது உடம்புக்கு ஆகாது என்பது என் கருத்து. சாக்கடையை மேற்கே திருப்ப வேண்டும் என்று நானே விண்ணப்பம் செய்ய இருந்தேன்."

"மேற்கே உமது மூலிகைத் தோட்டம் இருக்கிறதே," என்றார் ராஜா.

"மூலிகை எங்கே வேண்டுமானாலும் முளைக்கும், மகாராஜா."

"மூன்றாம் குழுவின் முடிவும் அதுவாகத்தான் இருக்கும்," என்றார் பிரதானி. மூன்றாம் குழு அங்கேயே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஒருவர் கூடுதல் அவகாசம் கேட்கவில்லை.

கதவிடுக்கு வழியாக உத்தரவு போனது. அறுபது பேர் மண்வெட்டியோடு ஓடினார்கள். கிழக்கே வெட்டிய வழியை மண் போட்டு அடைத்து, மேற்கே அடைத்திருந்த பழைய வழியைத் திறக்க வேண்டியதுதான் வேலை. இரண்டு நாழிகைகூட ஆகவில்லை. ஆள் ஓடி வந்து, சாக்கடை மூலிகைத் தோட்டத்துக்குள் பாய்கிறது என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினான். காத்தாயி நம்பவில்லை. மாடக்கண்ணுவிடம், "நீ போயிப் பாத்துட்டு வாண்ணே," என்றாள். எழுந்து போக ஆசனமே இல்லாத அவன் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்த பிறகுதான் எழுந்தாள். நான்கு பேரும் சங்கனைத் தூக்கினார்கள்.

மணை காலியானது. கதவைத் திறந்தார்கள். யாரும் ஓடவில்லை, ஆனால் எல்லோரும் மிக வேகமாக நடந்தார்கள். ராஜா கை காட்டி அவர்களை நிறுத்தினார்.

"கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு நாழிகை வேலை. மூன்று வருடம் ஏன் ஆகவில்லை?"

"தகுந்த ஆதாரம் இல்லை, மகாராஜா," என்றார் பிரதானி.

"இன்று புதிதாக என்ன ஆதாரம் வந்தது?"

பிரதானி ராஜவைத்தியரைப் பார்த்தார். ராஜவைத்தியர் கூரையைப் பார்த்தார்.

"புதிதாக ஒன்றும் வரவில்லை, மகாராஜா," என்றான் மாடக்கண்ணு. "நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அது தூரத்தில் இருந்தது. இன்று ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்."

ராஜா ஒரு கணம் அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, நாற்றத்தையும் மறந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாடக்கண்ணுவின் கழுத்தில் போட்டார். நாட்டு மக்களின் உடல்நலம் காத்ததற்காக ராஜவைத்தியருக்கும் ஒரு பட்டம் கொடுத்தார். பட்டத்துக்கான வாசகத்தை ராஜவைத்தியரே எழுதித் தந்தார்.

வாசலில் நின்றிருந்த காத்தாயியிடமும் ராஜா ஒரு பட்டுத் துணியை நீட்டினார். உன் புருஷன் இந்த ராஜ்யத்துக்குப் பெரிய காரியம் செய்திருக்கிறான், அவனுக்குப் போர்த்து, என்றார்.

காத்தாயி துணியைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"நேத்துத் திருப்பியிருந்தா இன்னைக்கு வாய்க்கால் வாரப் போயிருப்பாரு," என்றாள்.

அவ்வளவு சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சங்கனுக்குப் பின்னால் நடந்தாள். ராஜா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை. மாடக்கண்ணுவும் முத்துமாலையோடு சுடுகாடு வரை போனான். தோள் கொடுக்கும்போது இடைஞ்சலாக இருந்ததால் மாலையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டான்.

மலையிலும் தெருவிலும் பெய்த கோடை மழையில் வாய்க்கால் நான்கு நாள் கலங்கி ஓடியது. ஐந்தாம் நாள் அடி மணல் தெரிந்தது. தெரு முழுவதும் குடத்தோடு வந்து கரையில் நின்றது. யாரும் முதலில் இறங்கவில்லை. காத்தாயி இறங்கினாள். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு குடித்தாள்.

"எனக்கும்மா," என்று அரியநாச்சி கை நீட்டினாள்.

"நாளைக்கு."

அன்று முழுவதும் பிள்ளைக்கு, மழையில் பானையில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தாள். தன் வயிற்றைக் கவனித்துக்கொண்டே வேலைகளைச் செய்தாள். மறுநாள் பொழுது சாயும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் மகளைக் கரைக்குக் கூட்டிப் போய், தன் கையாலேயே ஒரு வாய் கொடுத்தாள்.